மாதவரத்துக்கு வந்த சுக்கான்

கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் சேர விடக் கூடாது. ரெசினில் முதலில் கோபால்ட்டை ஊற்றிக் கலக்க வேண்டும். அது நன்றாகக் கலந்த பிறகுதான் ஹார்டனர். இரண்டையும் ஒரே டப்பாவில் ஊற்றினால் குபீரென்று பற்றிக்கொள்ளும், வெடித்தாலும் வெடிக்கும். மாதவரத்து ஃபைபர் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேஸ்திரி வாயைத் திறந்து சொன்னது இவ்வளவுதான். மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றது.

அதற்கு முன்பு நான் போர்டு ஆர்ட்டிஸ்ட். மூலக்கடையிலிருந்து தண்டையார்பேட்டை வரை எத்தனையோ கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியிருக்கிறேன். கட்சிக்காரர்களுக்குச் சுவர், கல்யாண மண்டபத்துக்கு வளைவு, லாரிக்குப் பின்னால் அம்மன் படம் எல்லாம் செய்தேன். ஃப்ளெக்ஸ் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. சாயங்காலம் சொன்னால் காலையில் அச்சாகி வந்துவிடும் என்றால் யார் எங்களுக்காக நாலு நாள் காத்திருப்பார்கள்? சுனாமிக்குப் பிறகு மீனவர்களுக்கு ஃபைபர் படகுகளை அரசும் தொண்டு நிறுவனங்களும் அள்ளிக் கொடுத்த காலம் அது. தண்ணீர்த் தொட்டியும் ஆட்டோ கூரையும் செய்துகொண்டிருந்த பட்டறைகள்கூடப் படகு மோல்டு வாங்கிப் போட்டன. எங்கள் பட்டறையும் அப்படித்தான். பால் காலனிக்குப் போகிற வழியில், கன்டெய்னர் லாரிகள் நிற்கும் பொட்டலுக்குப் பின்னால் இருந்தது. மோல்டுக்கு வேக்ஸ் தடவுவதும் ஜெல்கோட் என்ற மேல்பூச்சு அடிப்பதும் என் வேலை. படகு முடிந்ததும் அதன் முன்முனையான அணியத்தில் பெயர் எழுதுவதும் நான்தான். 'அந்தோணியார் துணை', 'பெரியபாளையத்தம்மன் துணை' என்று சாமிக்குத் தக்கபடி எழுத்தின் சாய்வையும் நிறத்தையும் மாற்றுவேன். கடலில் தூரத்திலிருந்தே இது இன்னார் படகு என்று தெரிய வேண்டும் என்பார்கள்.

2007ஆம் வருடம், பொங்கல் கழிந்த சமயம். ஒரு குட்டி யானை வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து ஆளுயரத்துக்கும் மேலான ஒரு பலகையைக் கோணியில் சுற்றி இறக்கினார்கள். பின்னாலேயே ஒல்லியாக, மூக்குத் தோல் உரிந்த ஒரு வெள்ளைக்காரர் இறங்கினார். துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் காசிமேட்டுப் பையன் மேஸ்திரிக்கு மச்சான் முறை. அவன்தான் அழைத்து வந்திருந்தான். அந்தப் பலகை ஒரு பாய்மரப் படகின் சுக்கான். கேட் பாஸ் வாங்கித் துறைமுகத்திலிருந்து வெளியே கொண்டுவருவதற்கே ஒரு முழு நாள் போயிற்றாம். வங்கக் கடலில் மிதந்து வந்த ஏதோ மரக்கட்டையில் இடித்துக் கீழ்ப்பாகம் பிளந்திருந்தது. பிளவு வழியாக உப்புத் தண்ணீர் இறங்கி, உள்ளே பிளைவுட் ஊறி, மேலே போர்த்தியிருந்த ஃபைபர் தோல் தனியாகக் கழன்று நின்றது. மேஸ்திரி நகத்தால் குத்திப் பார்த்தார். மரம் பிசுபிசுவென்று வந்தது.

"இதுக்கு வேற சுக்கான் தான் தொரை" என்றார்.

வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது. எனக்குப் பத்தாவது வரை படித்த இங்கிலீஷ். அவருடைய இங்கிலீஷும் கிட்டத்தட்ட அந்த அளவுதான் என்பதால் எங்களுக்குள் சரிப்பட்டு வந்தது. புரியாத இடத்தில் சாக்பீஸ் எடுத்துத் தரையில் வரைந்துகொள்வோம். அவர் ஊர் பிரான்ஸின் வடமேற்கில், பிரித்தானி கடற்கரையில் உள்ள சான் மாலோ. தன் ஊரைப் பற்றி முதலில் சொன்னதே ஒரு குறும்புதான். 1746இல் மதராஸ் கோட்டையைப் பிடித்த லா பூர்தொனே எங்கள் ஊர்க்காரர், நான் அவர் மாதிரி இல்லை, கேட் பாஸ் வாங்கித்தான் வந்திருக்கிறேன் என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் மேஸ்திரி சிரிக்கவில்லை. அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்கச் சொன்னார்.

சுக்கானைப் பொருத்தும் கொண்டிகளை அளந்து வர நானும் மேஸ்திரியும் துறைமுகத்துக்குப் போனோம். அன்றுதான் ஒரு ட்ரைமரானை முதன்முதலாகப் பார்த்தேன். நடுவில் ஆள் தங்கும் படகு. அதன் இரண்டு பக்கமும் ஒல்லியாக ஒரு மிதவை. மூன்றையும் குறுக்குத் தண்டுகள் பிணைத்திருந்தன. இடைவெளியில் வலை கட்டியிருந்தார்கள், அதன் மேல் நடக்கலாம், படுக்கலாம். சாதாரணப் பாய்மரப் படகு காற்றில் கவிழாமல் இருக்க அடியில் ஈயமோ இரும்போ டன் கணக்கில் தொங்க வேண்டும். ட்ரைமரானுக்கு அது வேண்டாம், அகலமே அதன் பலம். ஆழமில்லாத தண்ணீரிலும் போகும். கனம் இல்லாததால் வேகம். ஆனால் ஒருமுறை கவிழ்ந்தால் தானாக நிமிராது. மூழ்கவும் செய்யாது.

மேஸ்திரி எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துக்காரர். பதினைந்து பதினாறு வயதிலிருந்து கட்டுமரத்தில் போனவர். கட்டுமரம்தான் இங்கிலீஷில் கேட்டமரான் ஆயிற்று என்பதைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று, நான் வேறு எழுத வேண்டாம். அவர் அந்தப் படகைச் சுற்றி வந்து பார்த்தது வேறு கணக்கு. "இத்த வச்சு அலை தாண்ட முடியாது" என்றார். அது உண்மை. நம் கரையில் அலை நேராக வந்து மணலில் விழுகிறது. சென்னைக்குத் துறைமுகம் கட்ட ஆரம்பித்ததே 1870களில்தான். அதுவரை கப்பல்கள் தூரத்தில் நின்றன, மசூலா படகும் கட்டுமரமும்தான் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தன. கட்டுமரத்துக்குள் வந்த தண்ணீர் கட்டைகளின் இடுக்கு வழியாகவே வெளியே போய்விடும், இறைக்க வேண்டியதில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், கனத்த மரம் கடலில் எழும்பாது. மதராஸ் மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதிய ஆய்வில் இந்த மரங்களை வகை வகையாகப் பிரித்து எழுதியிருக்கிறார். கோலா மீனுக்கென்றே தனி மரம் இருந்திருக்கிறது. மேஸ்திரிக்கு ஹார்னெல் யாரென்று தெரியாது, ஆனால் கோலா மரம் தெரியும்.

அந்த ட்ரைமரான் சான் மாலோவில் வீட்டுக் கொல்லையில் அண்ணனும் தம்பியுமாகக் கட்டியதாம். எனக்கு அது பெரிய ஆச்சரியம். வெள்ளைக்காரன் உல்லாசப் படகு என்றால் கோடிக்கணக்கில் பணம் என்று நினைத்திருந்தேன். இது பிளைவுட், பசை, ஃபைபர் துணி. எங்கள் பட்டறைச் சாமான்தான். ட்ரைமரான் அப்படித்தான் பரவியிருக்கிறது. அமெரிக்காவில் ஆர்தர் பைவர் என்பவர் தானே கட்டிய பிளைவுட் ட்ரைமரானில் 1960இல் அட்லாண்டிக்கைத் தாண்டினார். பிறகு படகுக்கான வரைபடங்களை விற்றார். வாத்தியார், தச்சர், தபால்காரர் என்று பலரும் அவற்றை வாங்கி வீட்டுக் கொட்டகையில் கட்ட ஆரம்பித்தார்கள். 1968இல் பைவர் கலிபோர்னியாவுக்கு அப்பால் தனியாகப் படகில் போனவர் திரும்பவேயில்லை.

பிரான்ஸில் அதைப் பைத்தியமாகவே மாற்றியவர் எரிக் தபார்லி. 1968இல் பென் டூயிக் 4 என்ற அலுமினிய ட்ரைமரானைக் கட்டினார். அதை வாங்கிய ஆலென் கோலா 1972இல் தனியாள் அட்லாண்டிக் பந்தயத்தில் ஜெயித்தார். 1978இல் சான் மாலோவிலிருந்து கரீபியத் தீவு குவாதலூப்புக்கு முதல் ருட் டு ரும் பந்தயம் கிளம்பியது. நம்ம ஆள் அப்போது பள்ளிக்கூடப் பையன், மதில் மேல் நின்று பார்த்திருக்கிறார். அந்தப் பந்தயத்தில் கோலா அசோர்ஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் படகோடு காணாமல் போனார். 23 நாள் ஓடிய பிறகு, மைக் பர்ச் என்பவரின் சின்ன மஞ்சள் ட்ரைமரான் ஒரு பெரிய ஒற்றையுடல் படகை 98 விநாடி வித்தியாசத்தில் முந்தியது. அன்றைக்கே தன் வீட்டில் படகு கட்டக் கொல்லை காலி செய்யப்பட்டது என்றார்.

சுக்கான் வேலையில் முதல் தகராறு பசையைப் பற்றி. நாங்கள் எல்லாவற்றுக்கும் பாலியெஸ்டர் ரெசின்தான் போடுவோம். விலை குறைவு, சீக்கிரம் இறுகும். அவர் எப்பாக்ஸிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மரத்தோடு பாலியெஸ்டர் ஒட்டாது, பழைய சுக்கான் கழன்றதே அதனால்தான் என்று உரிந்த தோலைத் தூக்கிக் காட்டினார். மேஸ்திரிக்கு அது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. கடைசியில் பாரிமுனைக்குப் போய் எப்பாக்ஸி வாங்கி வந்தது நான். விலையைக் கேட்டு மேஸ்திரி அன்று சாப்பிடவில்லை.

இரண்டாவது தகராறு வடிவம். சுக்கானின் முன்விளிம்பு உருண்டையாக இருக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தடிப்பு அதிகம், பின்விளிம்பு மெலிந்து முடிய வேண்டும். அவரிடம் அட்டையில் வெட்டிய அச்சு இருந்தது. மேஸ்திரி அதைத் தொடாமல் வாய்ச்சியை எடுத்துச் செதுக்கினார். கட்டுமரத்துக்கு அடப்பலகை செதுக்கிய கை. ஒரு பக்கம் அச்சு கச்சிதமாக உட்கார்ந்தது. மறுபக்கம் உட்காரவில்லை, ஒரு விரல் இடைவெளி. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு மேஸ்திரி அச்சை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்கப்புறம் வேலை வேகமாக நடந்தது.

பசை இறுகக் காத்திருக்கும் நேரத்தில் வெள்ளைக்காரர் படம் வரைவார். நீர்வண்ணம். கைக்கு அடக்கமான தகரப் பெட்டி, ஒரு குவளைத் தண்ணீர், மடியில் தாள். படகில் நீர்வண்ணம் தீட்ட ட்ரைமரான் மாதிரி வராது, சாய்வதில்லை, தண்ணீர்க் குவளை கவிழ்வதில்லை என்றார். படம் வரைவதற்காகவே படகு வாங்கும் ஆட்கள் அவர் நாட்டில் முன்பே இருந்திருக்கிறார்கள். பால் சின்யாக் என்ற ஓவியர் வாழ்நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட படகுகள் வைத்திருந்தார். 1929 முதல் 1931 வரை பிரான்ஸின் துறைமுகங்களை ஒவ்வொன்றாக, நூறு அளவுக்கு, நீர்வண்ணத்தில் தீட்டினார். அதற்கும் முன்னால் 1753இல் பதினைந்தாம் லூயி ராஜா ஜோசப் வெர்னே என்பவரை அழைத்து நாட்டின் துறைமுகங்களை வரையச் சொல்லியிருக்கிறார். பதினைந்து பெரிய ஓவியங்கள் வந்தன. 1830 முதல் பிரெஞ்சுக் கடற்படைக்கென்று அதிகாரபூர்வ ஓவியர்கள் உண்டு. கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நங்கூரம் போட்டுக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு. இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கம் துறைமுகத்தை போட்டோ எடுத்தாலே செக்யூரிட்டி விசில் அடிப்பான்.

அவர் மாதவரத்தில் என்னத்தை வரைவார் என்று பார்த்தேன். பால் வண்டி, கன்டெய்னர் லாரியின் அடியில் தூளி கட்டித் தூங்கும் கிளீனர், ரெட்டேரிக் கரையில் எருமை. பிரித்தானிக்காரர்கள் உப்பு வெண்ணெய் இல்லாமல் சாப்பிட மாட்டார்களாம். ஆவின் வெண்ணெய் வாங்கி அதில் உப்பைத் தூவி எங்கள் டீக்கடை பன்னில் தடவித் தின்பார். நான் படகில் பெயர் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். கோடு போடாமல் 'ழ' எழுதுகிறேன் என்பது அவருக்குப் பெரிய விஷயம். அவர் கறுப்பைத் தொடுவதே இல்லை என்பது எனக்குப் பெரிய விஷயம். பெட்டியில் கறுப்பே கிடையாது. நிழலுக்கு நீலமும் செம்மண் நிறமும் கலப்பார்.

ஒயினைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். படகில் ஒயின் இருந்தது. துறைமுகத்துக்குள் வந்ததும் சுங்க அதிகாரிகள் அந்த அலமாரியைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். எல்லாக் கப்பலுக்கும் உள்ள விதிதான். கிளம்பிக் கடலுக்குப் போன பிறகுதான் திறக்கலாம். ஆகவே நாங்கள் கேட்டது ஒயினைப் பற்றிய பேச்சை மட்டும். மேஸ்திரிக்கு இதில் உண்மையான வருத்தம்.

ட்ரைமரானில் கனம் ஏற்றக் கூடாது. ஏற்றினால் மிதவைகள் தாழ்ந்து வேகம் செத்துவிடும். ஒரு பாட்டில் ஒயின் ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாது. அதனால் எதை எடுத்துப் போவது என்று கணக்குப் பார்த்தே ஏற்றியிருந்தார். ஒவ்வொரு பாட்டிலும் ஒரு ஊர். சான் மாலோவில் திராட்சை விளையாது, அங்கே ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்துக் குடிப்பார்கள். தெற்கே நான்த் நகரத்துப் பக்கம் முஸ்காடே என்ற வெள்ளை ஒயின். 1709இல் கடும் குளிரில் கொடிகள் கருகிய பிறகு குளிர் தாங்கும் ஒரு ரகத்தை நட்டார்கள், இன்றும் அதுதான். கடல் சிப்பியோடு குடிப்பது. அது வங்கக் கடல் வெயிலில் தாங்காது, இந்நேரம் கெட்டிருக்கும் என்று வருத்தப்பட்டார். தாங்கக்கூடியது பான்யுல்ஸ். ஸ்பெயின் எல்லையில், மத்தியதரைக் கடலோரச் சரிவில் விளைவது. புளித்துக்கொண்டிருக்கும்போதே சாராயம் சேர்த்து நிறுத்திவிடுவதால் இனிப்பு தங்கிவிடும். சிலர் அதைக் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி வெட்டவெளியில் வெயிலில் மாதக்கணக்கில் போட்டுவைப்பார்கள். வெயிலில் வளர்ந்த ஒயினுக்கு மெட்ராஸ் ஒன்றும் செய்யாது என்றார். பான்யுல்ஸ் விளையும் நான்கு ஊர்களில் ஒன்று கொலியூர். 1905 கோடையில் மத்தீஸ், தெரேன் என்ற ஓவியர்கள் அங்கே மீன்பிடி படகுகளைச் சிவப்பும் பச்சையுமாகத் தீட்டி, அந்த வருட இலையுதிர்காலக் கண்காட்சியில் பாரிஸையே கோபப்படுத்தினார்கள். ஒரே சரிவில் ஒயினும் ஓவியமும்.

இதில் எனக்குப் பிடித்தது ருசி விவரம் அல்ல, சட்டம். திராட்சைக் கொடிகள் பூச்சியால் அழிந்து, அதன் பிறகு கலப்பட ஒயின் சந்தையை நிறைத்து, 1907இல் தெற்கு பிரான்ஸின் விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். அந்தச் சண்டையெல்லாம் முடிந்து 1935இல் ஒரு சட்டம் வந்தது. ஊர்ப் பெயரைப் பாட்டிலில் போட வேண்டுமானால் அந்த ஊரில், அந்த ரகத்தில், அந்த முறையில் செய்திருக்க வேண்டும். எங்கள் டாஸ்மாக் பாட்டிலில் ஊர் எது? ஆனால் மீனில் எங்களுக்கு ஊர் உண்டு. பழவேற்காட்டு நண்டு என்றால் ஒரு விலை, எண்ணூர் இறால் என்றால் ஒரு விலை. காசிமேட்டில் கூடை வைத்திருக்கும் அக்காமார் ஆந்திரா இறாலை எண்ணூர் இறால் என்று சத்தியம் செய்து விற்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் இதைச் சொன்னேன். அப்படியானால் உங்களுக்கும் சட்டம் வரும் காலம் வந்துவிட்டது என்றார்.

முஸ்காடேவைப் பல வருடம் கழித்துக் குடித்தேன். புதுச்சேரியில் ஒரு நண்பர், சொல்தா குடும்பம், தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பாரிஸிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது என்று ஊற்றினார். தனியாகக் குடித்தால் புளிப்பு, ஒன்றும் சொல்வதற்கில்லை. நெத்திலி வறுவலோடு குடித்தபோது அந்த மனிதர் பேசியதில் பாதி விளங்கியது. பான்யுல்ஸ் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

சுக்கான் காய்ந்துகொண்டிருந்த ஒரு விடிகாலையில் அவரை என் வண்டியில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு அழைத்துப் போனேன். ஒரு பக்கம் அலை கல்லில் மோதுகிறது, மறுபக்கம் லாரிகள். வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். எண்ணூர் நிலையம் 1970லிருந்து, ஆற்றுக்கு அப்பால் வடசென்னை நிலையம் 1994லிருந்து ஓடிக்கொண்டிருந்தன. அவர் கல்லில் உட்கார்ந்து புகையை வரைந்தார். ஊதாவும் ஆரஞ்சும். தாளில் அது அவ்வளவு அழகாக வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் அக்கா மகளுக்கு அப்போது இளைப்பு. ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவாள். சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, மேஸ்திரியின் சொந்தக்காரர்கள் வலையை விரித்தால் சேறுதான் வந்தது. இதை ஊதா நிறத்தில் அழகு பண்ணுவதற்கு ஒருவர் பிரான்ஸிலிருந்து வர வேண்டுமா? கேட்டேவிட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. திரும்பும் வழியில் டோல்கேட் பக்கம் டீ குடிக்கும்போது சொன்னார். 1872இல் மோனே என்ற ஓவியர் வரைந்த ஒரு சூரியோதயப் படம், அந்தப் படத்தின் பெயரிலிருந்துதான் ஒரு ஓவிய இயக்கத்துக்கே பெயர் வந்தது. எல்லோரும் சூரியனையும் சின்னப் படகையும்தான் பார்ப்பார்கள். அதன் பின்னால் தெரிவது ல ஆவ்ர் துறைமுகம். கிரேன், புகைபோக்கி, கப்பல். மோனே பார்த்ததும் ஒரு எண்ணூரைத்தான், நீ அழகென்று நினைக்கிறாய் என்றால் அது உன் கண் என்றார். அந்தப் பதில் எனக்கு அன்று போதவில்லை. பெரிய மனிதர் பெயரைச் சொல்லித் தப்பிக்கிறார் என்றே நினைத்தேன்.

2023இல் ஒரு செய்தி படித்தேன். ஆனா லீ ஆல்பிரைட், பீட்டர் ஹைபர்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் டர்னரும் மோனேயும் வரைந்த நூறு அளவிலான ஓவியங்களை எடுத்து, விளிம்புகள் எவ்வளவு மங்கியிருக்கின்றன, வெண்மை எவ்வளவு கூடியிருக்கிறது என்று அளந்திருக்கிறார்கள். லண்டனிலும் பாரிஸிலும் நிலக்கரிப் புகை ஏற ஏற ஓவியங்களும் மங்கியிருக்கின்றன. புகையை அளக்கும் கருவி இல்லாத காலத்துக்கு அந்த ஓவியங்களே சாட்சி. அப்போதுதான் அந்த டீக்கடைப் பேச்சு எனக்கு முழுதாக வந்து சேர்ந்தது. ஊதா நிறம் பொய் இல்லை. விடிகாலையில் சாய்ந்த வெளிச்சம் அந்தப் புகைக்குள் புகுந்து வரும்போது உண்மையிலேயே அந்த நிறம்தான். எங்களுக்கு அது புகை என்று முன்பே தெரிந்துவிட்டதால் சாம்பல் நிறம் என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

சுக்கான் முடிந்தது. கடைசியாக ஜெல்கோட் அடித்ததும் நான்தான். துறைமுகத்தில் அதை மாட்டிவிட்டு, ஒரு வாரத்துக்குள் காற்றுப் பார்த்துக் கிளம்பிவிட்டார். இலங்கையின் கிழக்குக் கரையில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம், கரையை விட்டு வெகுதூரம் வெளியே சுற்றிக் காலிக்குப் போவதாகச் சொன்னார். பணத்தை எண்ணிக் கொடுத்தார். மேஸ்திரிக்கு எப்பாக்ஸியின் மிச்ச டப்பாவைக் கொடுத்தார். படங்கள் எல்லாமும் அவரோடு போய்விட்டன. பால் வண்டி, கிளீனர், எருமை, புகைபோக்கி, காசிமேட்டில் கரையேற்றி வைத்திருந்த கட்டுமரங்கள் எல்லாம் இன்று சான் மாலோவில் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் இருக்கலாம். மாதவரத்தில் ஒன்றுகூட இல்லை.

இது எனக்கு இப்போதும் உறுத்துகிறது. சென்னைக்கு ஓவியம் புதிதல்ல. எழும்பூர் பக்கத்துக் கலைப் பள்ளியை அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் ஆரம்பித்தார். அங்கே முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை மெரினாவில் நிற்கிறது. கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். ஓவியர்கள் தெற்கே போனார்கள், புகை வடக்கே வந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை, அங்கே நிலம் மலிவாகக் கிடைத்தது, காற்றும் நன்றாக இருந்தது. எங்கள் பக்கத்தைப் படம் எடுக்க சினிமாக்காரர்கள் வருகிறார்கள், வந்தாலே கையில் கத்தி கொடுத்துவிடுகிறார்கள். இங்கே 1856இல் கட்டிய ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. புல்லட் செய்து பேர் வாங்கிய திருவொற்றியூர் இருக்கிறது. மணலி இருக்கிறது. இதையெல்லாம் வரிசையாக, ஊர் ஊராக ஒருவர் உட்கார்ந்து வரைந்த தொகுப்பு ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

அந்த வெள்ளைக்காரர் வரைந்த காட்சிகள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஃபைபர் வந்ததும் கட்டுமரம் கரையில் குறைந்தது. அதில் எங்கள் பட்டறைக்கும் பங்குண்டு, அதற்கு நான் வருத்தப்படவில்லை, மீனவனுக்கு ஃபைபர் வசதி. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதே வருடம் ஜனவரியில் எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெல்லாம் ஒதுங்கியபோது பையன்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மறுபடி எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. வலை, படகு, அலையாத்தி மரம் எல்லாம் கறுத்தன. அந்தக் கறுப்பை வரைய மட்டும் கறுப்பு வண்ணம் வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். போய் உட்கார்ந்து பார்த்தேன். அதிலும் நீலமும் பச்சையும் மினுங்கின.

மேஸ்திரி இப்போது இல்லை. பட்டறை இருந்த இடத்தில் குடோன். நான் பெயர் எழுதுவதை அறவே விட்டுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில் பென்சிலும் ஒரு நோட்டுமாகக் காசிமேட்டுக்குப் போகிறேன். நான் ஓவியன் இல்லை, எழுத்துக் கை. கோடு நேராக வரும், புகை வராது. அதனால் கேட்கிறேன். கலைக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், வீட்டில் சும்மா கிறுக்குபவர்கள், யாராக இருந்தாலும் ஒரு காலை வடக்கே வாருங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓடுகிறது. காசிமேட்டு ஏலத்துக்கு விடியும் முன்பே வந்துவிடுங்கள், எண்ணூருக்கானால் சூரியன் எழும்போது. போட்டோவுக்கு அடிப்பதுபோல் தாளுக்கு யாரும் விசில் அடிப்பதில்லை. வரைந்ததன் மூலையில் தேதியையும் ஊர்ப் பெயரையும் தவறாமல் எழுதிவையுங்கள்.